மாணாக்கராகிய ஆசிரியர்

தேவாரம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களுக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைச்சரிவுகளில் ஏலம் விளைகின்றது. ஏலச்செடி ஆள் உயரத்திற்கும் மேலாகத் தழைத்து வளரும். ஆயினும் அதன் காய் உச்சியில் தோன்றுவதில்லை. தண்டின் அடியிலிருந்து கிளைத்து நிலத்தை ஒட்டிப் படரும் கொத்துக்களிலேயே தோன்றும். ஆதலின் காய் பறிப்போர் ஒவ்வொரு செடியின் முன்னும் குனிந்தே தீரவேண்டும். ஒருமுறை பறித்த செடியிற் சில வாரங்கள் கழித்து மீண்டும் காய் முற்றியிருக்கும். மீண்டும் குனிந்து பறித்தல் வேண்டும்.

ஆசிரியத் தொழிலும் இத்தன்மையதே. ஆண்டுதோறும் மாணாக்கர் மாறுவர். பாடம் பெரும்பாலும் மாறாது. ஒரே செய்யுளை இருபது ஆண்டு, முப்பது ஆண்டு விடாது சொல்லி வரும் ஒருவருக்குச் சலிப்புத் தோன்றுதல் இயல்பு. நாம் அறியவேண்டியவற்றை எல்லாம் அறிந்துவிட்டோம் என்ற நிறைவே அச்சலிப்பிற்கு முதற்படியாகும். அந்நிறைவு தம் உள்ளத்திற் குடிபுகும் காலத்திலேயே அதனை இழந்து, இழந்ததனால் வாழ்நாள் முழுதும் இன்புற்ற ஆசிரியர் ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவரே மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார். அவர்தம் முன்னோர் வாழ்ந்த ஊர் தஞ்சை நாட்டில் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதையை இசையோடு சொல்லி வாழ்ந்தவர். அவரோடு குடும்பமும் அரியலூர், குன்னம் முதலிய ஊர்களிற் சென்று தங்கியது. தம் மைந்தரும் இசையிலே சிறக்கவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். வேறு சிலர், ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிடைக்கும் என்றும், வடமொழி கற்றால் மறுமைக்கு உதவும் என்றும் அறிவுரை கூறினர். இளைஞர் சாமிநாதரோ தமிழையே நாடினார். தங்கிய ஊர்களிலெல்லாம் தமிழறிந்தோரைத் தேடி, ஒருவர் சொன்னது முடிந்ததும் மற்றொருவரிடம் சென்று பாடங்கேட்டார்.

அந்நாளிற் சோழநாட்டிற் பெரும்புலவராக விளங்கியவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1871-ஆம் ஆண்டில் மாயூரம் சென்று, சாமிநாதர் அவரை அடைந்தார். அப்பொழுது கோபாலகிருஷ்ண பாரதியாரும் மாயூரத்தில் இருந்தமையால் அவரிடம் இசையும் பயிலத் தொடங்கினார். இசைப் பயிற்சி தமிழ்ப் பயிற்சிக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதியதை அறிந்து, பின்னர் அதனை நிறுத்திக்கொண்டார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிள்ளையவர்களோடு உடனுறைந்து, அவர் சென்ற இடமெல்லாம் சென்று, அவர் பாடும் செய்யுட்களை ஏட்டில் எழுதி, எண்ணிறந்த நூல்களைப் பாடங்கேட்டார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் பிள்ளையவர்கள் உலக வாழ்வை நீத்தார். இறுதி வேளையில் அவர்தம் செவியில் திருவாசகத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் சாமிநாதரே. அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில், மடத்திலேயே பயின்றும் பயிற்றியும் வந்தார்.

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் அக்காலத்துத் தமிழாசிரியராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. அவர் ஓய்வு பெறுங்காலம் வந்தபொழுது, தம் இடத்திற்குத் தக்கவர் சாமிநாதையரே என்று துணிந்தார். தேசிகருக்கு அவரைப் பிரிய மனம் வரவில்லை. செட்டியாரோ பலவாறு எடுத்துரைத்துத் தேசிகரின் இசைவைப் பெற்று, கல்லூரித் தலைவர் கோபாலராயரிடமும் பரிந்து பேசினார். 1880-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சாமிநாதையர் கல்லூரியில் ஆசிரியரானார். ஊதியம் மாதம் ஐம்பது ரூபாய். வயதோ இருபத்தைந்து. செய்யுட்களை அவர் இசையோடு படித்துப் பொருள் கூறிய முறை மாணாக்கரின் உள்ளத்தைக் கவர்ந்தது. மாயூரத்தில் நிறுத்திய இசை கும்பகோணத்து வகுப்பறையிற் பயன்பட்டது. வறுமை நீங்கியது, மதிப்பு உயர்ந்தது, கற்க வேண்டியவற்றைக் கற்றுவிட்டோம் என்ற அமைதியும் உண்டாயிற்று.

இந்நிலை எட்டுத் திங்கள் நீடித்தது. சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் அவ்வாண்டிற் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்தார். அவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வல்லவர். நண்பர் சிலர் அவரைக் கண்டு வருமாறு தூண்டவே, சாமிநாதையர் அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் வியாழக்கிழமை அவரிடம் சென்றார். முதலியார் அவர் யாரிடம் பயின்றார் என்று வினவினார். மகாவித்துவானின் பெயரைக் கேட்டபோதும் அவரிடம் வியப்புத் தோன்றவில்லை. என்னென்ன நூல்கள் படித்தீர் என்பது அடுத்த வினா. சாமிநாதையர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், தலபுராணங்கள் என்று அடுக்கடுக்காகச் சொன்னார். அவற்றைக் கேட்டும் முதலியார் அசையவில்லை. இவை யாவும் பிற்காலத்து நூல்கள். இவற்றிற்கு முற்பட்ட சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைப் படித்ததுண்டோ என்று கேட்டார். சாமிநாதையர் படித்ததில்லை. அவர்தம் ஆசிரியரும் அவற்றைப் பாடஞ் சொன்னதில்லை. ஏடுகள் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது.

மாணவர்களே! இந்த இடத்திற் சிறிது நின்று எண்ணிப் பாருங்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம், அவர் கற்ற அத்தனையும் போதா என்று ஒருவர் கூறுகின்றார். கூறியவர் தமிழாசிரியரும் அல்லர், நீதிமன்றத்து அதிகாரி. அவருக்குத் தமிழ் தெரியாது என்று வெறுத்து எழுந்து வந்திருக்கலாம். வாயளவிற் புகழ்ந்துவிட்டு, அதன்பின் அந்த வீட்டுப் பக்கமே செல்லாதிருந்திருக்கலாம். அவ்வாறு செய்திருப்பினும் கல்லூரி வேலைக்கு ஒரு குறையும் நேர்ந்திராது, மாதந்தோறும் ஊதியம் வந்திருக்கும், பாடமும் நடந்திருக்கும். உள்ளம் வருந்தியபோதிலும் சாமிநாதையர் அவ்வழிகளிற் செல்லவில்லை. நூல் கிடைத்தாற் படித்துப் பொருள் கூற முயல்வதாகச் சொன்னார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைப் பின்னர் அவரிடம் ஒப்படைத்தார். ஆசிரியர் மீண்டும் மாணாக்கரானார்.

சிந்தாமணி 3145 செய்யுட்களை உடைய பெருங்காப்பியம். திருத்தக்கதேவர் இயற்றியது, நச்சினார்க்கினியர் உரை வகுத்தது. அதனைத் திறந்தவுடன் சாமிநாதையர் திகைத்தார். செய்யுளும் புதிது, அதிற் கூறப்படும் சமயக் கருத்துக்களும் புதியன. உரையாசிரியர் இடையிடையே எடுத்துக்காட்டும் வரிகள் எந்நூலைச் சார்ந்தன என்பதும் தெரியவில்லை. அது சமண நூலாதலின் சமணரைக் கேட்டறிவதே முறை எனத் தெளிந்து, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரின் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே ஒரு புதுமையைக் கண்டார். தமிழ்ப் புலவர்கள் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த சிந்தாமணி, அவ்வில்லங்களிற் பக்தியோடு படிக்கப்படும் திருநூலாக வழங்கி வந்தது. வழிவழியாகக் கேட்டறிந்த செய்திகளை அவர்கள் அன்போடு எடுத்துரைத்தனர். சைவர் ஒருவர் சமண நூலைப் படிப்பதா என்று குறை கூறினோரும் உண்டு. சாமிநாதையர் அவர்களுக்குச் செவி சாய்க்கவில்லை. தமிழை அறியச் சமண சமயத்தை அறியவேண்டுமாயின் அறிவதே கடன் என்று கொண்டார்.

அன்று முதல் அவர்தம் நாட்கள் இரு கூறாயின. பகலிற் கல்லூரியிற் பாடம் சொல்வார். எஞ்சிய பொழுதிற் பாடம் கேட்கும் மாணாக்கராவார். விடுமுறை வந்தால் ஏடு தேடிப் புறப்படுவார். வீட்டிற்கு வந்து பயின்ற மாணாக்கர் சிலர் பிரதிகளை ஒப்பு நோக்கவும், சொற்களைத் தொகுத்து எழுதவும் துணைபுரிந்தனர். வகுப்பிற்குள் நுழையும் ஆசிரியர் நேற்றுவரை தமக்கே விளங்காதிருந்த ஒன்றை இன்று கண்டு தெளிந்த மகிழ்ச்சியோடு நுழைவாராயின், கேட்போர்க்கும் அம்மகிழ்ச்சி எய்தாமற் போகாது. தாம் அறியாததை அறியாதது என்று உணர்ந்தவரே, அறியாத மாணாக்கரின் இடர்ப்பாட்டையும் உணர்வார்.

ஏட்டுச் சுவடியைப் படித்தல் எளிதன்று. பனையோலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்துக்களுக்குப் புள்ளி இராது. எகரம் குறிலோ நெடிலோ என்பதை இடம் நோக்கியே உணர வேண்டும். காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடு தெரியாது. செய்யுள் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்பதற்கும் அடையாளம் இராது. செல்லரித்த இடங்களிற் சொற்களே மறைந்திருக்கும். ஓர் ஏட்டில் உள்ள பாடம் மற்றோர் ஏட்டில் வேறாக இருக்கும். இவற்றையெல்லாம் கடந்து, பல பிரதிகளை ஒப்பிட்டு, 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். முதலியாரின் வினா எழுந்து ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. பதிப்பைக் குறை கூறிக் கண்டனங்களும் வெளிவந்தன. அவற்றிற்கு மறுப்பு எழுதுவதிற் காலத்தைப் போக்காமல், அடுத்த நூலை எடுத்துக்கொண்டார். திருத்தவேண்டியவற்றைப் பின்வந்த பதிப்புக்களில் திருத்தினார்.

உரையிற் கண்ட மேற்கோள்களே அடுத்த நூல்களுக்கு வழிகாட்டின. அவை பத்துப்பாட்டு, எட்டுத்தொகை முதலிய சங்க நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை ஏடுகளை ஆராய்ந்து அறிந்தார். அந்நூல்களைத் தேடி மடங்களுக்கும், புலவர் பரம்பரையினரின் வீடுகளுக்கும் சென்றார். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்ற பயணங்கள் பல. சில இடங்களில் வரவேற்பும் ஏடும் கிடைத்தன. சில இடங்களில் ஏமாற்றமே கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பாண்டியர் மரபினர் தொகுத்து வைத்திருந்த ஏடுகள் உள்ளன என்று கேள்வியுற்று ஆவலோடு சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடுதல் சாத்திர முறை என்று கருதி, அவற்றை எரித்துவிட்டதாக அங்கிருந்தோர் கூறினர். எரித்தவர்கள் தீயோர் அல்லர். நற்செயல் என்று எண்ணியே செய்தனர். அவற்றிற் புதைந்திருந்தவை எவை என்பதை இனி எவரும் அறிய இயலாது. அன்று அவருற்ற வேதனை பெரிது. ஒருநாள் தாழ்த்தினாலும் ஓர் ஏடு அழியக்கூடும் என்பதை அவ்வேதனை அவருக்கு உணர்த்தியது.

வேதனைக்கு மாற்றான மகிழ்ச்சிகளும் இருந்தன. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தன் என்பானுக்குத் தமிழின் இயல்பை அறிவிக்கக் கபிலர் பாடியது. ஆதலின் அதுவும் ஓர் ஆசிரியர் புகட்டிய பாடமே. அதிற் குறிஞ்சி நிலத்து மகளிர் பறித்துக் குவித்த பூக்கள் தொண்ணூற்றொன்பதும் பெயர் கூறி அடுக்கப்பெற்றுள்ளன. சாமிநாதையருக்குக் கிடைத்த பிரதிகளில் அப்பகுதியிற் சில அடிகள் குறைந்திருந்தன. குறைந்த அடிகளைத் தருமபுர மடத்து ஏடுகளிடையே கண்டெடுத்தார். மலைச்சரிவை அடுத்து வாழும் மாணவர்கள் அம்மகிழ்ச்சியை நன்கு உணரக்கூடும். இம்மலைத்தொடரின் உயர்ந்த புல்வெளிகளில் நீலக்குறிஞ்சி பன்னீராண்டிற்கு ஒருமுறை மலர்கின்றது. அது மலர்ந்த காட்சியைக் காண்போர், காத்திருந்த ஆண்டுகளை மறப்பர். காணாமற்போன பூக்களின் பெயர்களைக் கண்ட ஆசிரியரும் அவ்வாறே தம் உழைப்பை மறந்திருப்பார். உரையோடு கூடிய பத்துப்பாட்டு 1889-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

1892-இற் சிலப்பதிகாரமும், 1894-இற் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளியாயின. மணிமேகலை பௌத்த நூல். தமிழ்நாட்டிற் சமணர் இருந்தனர். ஐயம் கேட்கப் பௌத்தரோ இலர். அக்கல்லூரியின் ஆசிரியர்களுள் ஒருவராகிய மளூர் இரங்காசாரியார் ஆங்கிலமும் வடமொழியும் நன்கு அறிந்தவர். அவர் பௌத்த சமயத்தைப் பற்றிய நூல்களைப் படித்துச் செய்திகளை எடுத்துக் கூறினார். ஆங்கிலம் அறியாத சாமிநாதையர் அருகிருந்து கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தம்மோடு பணியாற்றும் ஒருவரிடம் மாணாக்கராக அமர்தல் எல்லார்க்கும் இயலாது. சமணரிடம் கற்றவருக்கு அது புதிதன்று.

கும்பகோணத்தில் இருபத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றியபின், 1903-ஆம் ஆண்டிற் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல் ஆகியவை அக்காலத்தை ஒட்டி ஒவ்வொன்றாக வெளிவந்தன. 1906-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டத்தை வழங்கினர். 1919-ஆம் ஆண்டில் அரசாங்கப் பணியினின்று ஓய்வு பெற்றார். முப்பத்தொன்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவருக்கு அவ்வோய்வு முடிவாக அமையவில்லை. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்து மீண்டும் கற்பித்தார். பெருங்கதையை 1924-இல் வெளியிட்டார். 1932-இற் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. பட்டம் பெற்ற ஐந்தாண்டுகளுக்குப் பின், எண்பத்திரண்டாம் அகவையிற் குறுந்தொகையைத் தாமே எழுதிய உரையோடு வெளியிட்டார். கி. வா. ஜகந்நாதன் போன்ற இளைஞர்கள் அம்முதுமையிலும் அவரிடம் பாடங்கேட்டனர். பணியிலும் உடனிருந்து உதவினர்.

பெற்ற நன்மையை அவர் என்றும் மறந்ததில்லை. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக விரித்தெழுதி 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வீட்டிற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தமக்குக் கல்லூரி வேலையைத் தேடித் தந்த தியாகராச செட்டியாரின் பெயரே அது. தம் கல்வியின் குறையைச் சுட்டிய முதலியாரையோ தம் வரலாற்றில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த அவ்வரலாறு முற்றுப்பெறவில்லை. போர்க்காலத்திற் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று தங்கியிருந்தபோது, 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 28-ஆம் நாள் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டிலே அவர் பெயரால் நூல்நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. அவர் தேடித் தொகுத்த ஏடுகள் அங்கே பாதுகாக்கப்பெற்றுள்ளன.

சாமிநாதையரின் பெருமையைப் பேசுவோர் பலரும் அவர் பதிப்பித்த நூல்களையே எண்ணிக் காட்டுவர். அந்நூல்கள் எல்லாம் ஓர் ஆசிரியரின் ஓய்வு வேளையில் விளைந்தவை என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும். அவர் பணியைத் துறந்து ஏடு தேடப் போகவில்லை, கற்பித்துக்கொண்டே கற்றார். இருபத்தைந்து வயதில் எய்திய நிறைவை ஒரு வினா பறித்துக்கொண்டது. அதற்கு ஈடாக அறுபது ஆண்டுகளுக்குப் போதிய வேலையை அவ்வினா கொடுத்தது. அவ்வேலையே அவருக்கு இன்பமாயிற்று. தமிழர்க்குச் சங்க இலக்கியம் கைவந்தது. நம் அறியாமையைச் சுட்டும் வினா நம்மை நோக்கி வருமாயின் அதனைப் பகையாகக் கொள்ளாது, அதன் முன்னே குனிந்து விடை தேடுவோமாக. கற்கும் மாணாக்கர்க்கும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இது பொதுவான கடமையாகும்.